முதல் ரசீது யார் பெயரில்?

2014ஆம் ஆண்டில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு ஏழரை மணிக்கு, அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டியிருந்த, தகடுகளை அழுத்தி உதிரிபாகம் செய்யும் ஒரு சிறிய பிரஸ் ஷாப்பின் அலுவலக அறையில் உட்கார்ந்து, அங்கே 11 மாதங்களாக வேலை பார்த்துவந்த ஓர் இளைஞரின் பெயரை ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் இணையதளத்தில் புதிதாகப் பதிவு செய்தேன். 'பணியில் சேர்ந்த நாள்' என்ற கட்டத்தில் அன்றைய தேதியை இட்டேன். அந்த நேரத்தில் அவர் இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு நர்சிங் ஹோமின் வராந்தாவில், வலது கையைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆறு மணிக்குச் சற்று முன்பு தகட்டை அழுத்தும் பவர் பிரஸ்ஸின் டை, அதாவது அச்சு, அவருடைய ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்திருந்தது.

இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால் மட்டுமே ஓடும் இரட்டைப் பட்டன் அமைப்போடுதான் அந்த மிஷின் வாங்கப்பட்டது. வேகம் போதவில்லை என்று யாரோ எப்போதோ அதை ஒயர் போட்டு நேராக்கிவிட்டு, கால் பெடலில் ஓட்டும்படி மாற்றியிருந்தார்கள். ஆகவே அன்று நடந்த முதல் பேச்சு, கையைப் பற்றியதாக இல்லை. ஒயரை மாற்றியது யார் என்பதைப் பற்றியதாக இருந்தது. "அவனா கழட்டிட்டான் சார்" என்றார் சூப்பர்வைசர். நர்சிங் ஹோமில் முன்பணம் கேட்டார்கள். முதலாளி தொலைபேசியில் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "அந்தத் தம்பி பேரு ஈ.எஸ்.ஐ.ல இருக்கா?" இல்லை. அவர் கான்ட்ராக்ட் ஆள். கான்ட்ராக்டர் தன் ஆட்களைப் பதிவு செய்வது கிடையாது. பேரைப் போட்டு, நம்பர் வாங்கி, அதை அச்செடுத்துக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது மணியாகியிருந்தது. அதற்குள் துண்டான விரல்களை யாரோ ஒரு நல்ல மனிதர், நல்லெண்ணத்தோடுதான், ஐஸ்கட்டிகளுக்கு நடுவே நேரடியாகப் போட்டு வைத்திருந்தார். ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை மட்டுமே ஐஸில் வைக்க வேண்டும் என்பது அங்கிருந்த ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. இரவு பதினொரு மணிக்கு அவரைப் பார்த்த கை அறுவை மருத்துவர், நேரமும் கடந்துவிட்டது, திசுவும் உறைந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, காயத்தை மூடித் தைக்கும் வேலையைத் தொடங்கினார்.

அந்தக் கம்பெனியில் 2012 முதல் ஆறு ஆண்டுகள் கணக்கராக இருந்தேன். பின்னர் தொழிலாளர் வழக்குகளுக்குக் காகிதம் தயாரித்துக் கொடுக்கும் வேலைக்கு வந்தேன். அந்த இரவில் எந்தச் சட்டமும் இல்லாமல் போகவில்லை. இருந்த சட்டங்களின் எண்ணிக்கைதான் அதிகம். ஆனால் அன்று எனக்குத் தெரிந்தவை ஒவ்வொன்றும் விபத்து நடந்து முடிந்த பிறகு, எவ்வளவு, யார், எப்போது என்று கணக்குப் பார்க்கும் சட்டங்களாக இருந்தன. ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் என்ன நடக்க வேண்டும் என்று கட்டாயமாகச் சொல்லும் சட்டம் ஒன்றுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இந்தியாவின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923இல் இயற்றப்பட்டு, 1924 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. முதலாளியின் தவறு என்று நிரூபிக்காமலே இழப்பீடு பெறலாம் என்பது அன்று பெரிய முன்னேற்றம். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்தச் சட்டம் ஈடுகட்ட நினைத்தது சம்பாதிக்கும் திறனின் இழப்பை மட்டுமே. சட்டத்தின் முதல் அட்டவணையைப் படித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்: கட்டைவிரல் முழுவதும் போனால் 30 விழுக்காடு, ஆள்காட்டி விரல் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டு விரலோ 7, ஒரே கையில் இரண்டு விரல்கள் என்றால் 20, மூன்று என்றால் 30, நான்கு என்றால் 50. இறைச்சிக் கடையின் விலைப்பலகை போல இருக்கிறது என்று ஒரு தொழிற்சங்க நண்பர் சொல்வார். முப்பது வயதான ஒருவருக்கு மாத ஊதியம் 15,000 ரூபாய் என்று கொண்டால், அதில் 60 விழுக்காட்டை அந்த வயதுக்கான காரணி எண்ணான 207.98ஆல் பெருக்கி, கிடைக்கும் 18,71,820 ரூபாயில் 14 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 2,62,000 ரூபாய், அவருடைய ஆள்காட்டி விரலுக்கு. இத்தனை துல்லியமாகக் கணக்கிட்ட சட்டம், அந்த விரலை ஒட்டவைக்க ஆகும் செலவை முதலாளி தர வேண்டும் என்று 86 ஆண்டுகள் சொல்லவே இல்லை.

2009இல் கொண்டுவந்த திருத்தம், 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது, 'ஒர்க்மென்' என்ற சொல்லை நீக்கி 'எம்ப்ளாயீ' என்று சட்டத்தின் பெயரையே மாற்றியதோடு, நான்காம் பிரிவில் ஓர் உட்பிரிவையும் சேர்த்தது: பணியின்போது ஏற்பட்ட காயத்துக்காகத் தொழிலாளி செய்த உண்மையான மருத்துவச் செலவு அவருக்குத் திருப்பித் தரப்பட வேண்டும். உச்சவரம்பு எதுவும் இல்லை. தொழிற்சங்க வட்டத்தில் இதை வெற்றி என்றே கொண்டாடினார்கள். 'திருப்பித் தரப்படும்' என்ற அந்த வினைக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்பது பல வழக்குகளுக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. திருப்பித் தர வேண்டுமானால் முதலில் ஒருவர் கொடுத்திருக்க வேண்டும். அதாவது, ஒன்பதாயிரம் பத்தாயிரம் சம்பளம் வாங்குகிற, ஒரு கை வேலை செய்யாத, அன்றைய இரவு முதல் கூலியும் நின்றுபோன ஒருவர், தன் பெயரில் ரசீது போட்டுப் பணம் கட்டி, அந்த ரசீதுகளை ஈரம் படாமல் பத்திரப்படுத்தி, இரண்டு ஆண்டுக் கெடுவுக்குள் மனு போட்டு, இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் ஆணையர் முன்னால் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். கையில் பணம் இருந்தவர் நல்ல சிகிச்சை பெற்று அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கினார்; பணம் இல்லாதவர் மலிவான சிகிச்சை பெற்று, மலிவான ரசீதுக்கு உரியதை வாங்கினார். சட்டம் இருவரையும் சமமாகவே நடத்தியது.

அந்தச் சட்டத்தின் காலக்கெடுக்களும் காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தன. ஒரு மாதத்துக்குள் இழப்பீட்டைத் தராவிட்டால் 12 விழுக்காடு வட்டி, தகுந்த காரணமில்லாத தாமதத்துக்கு 50 விழுக்காடு வரை அபராதம், மூன்று மாதத்துக்குள் ஆணையர் வழக்கை முடிக்க வேண்டும் என்ற விதி. தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் அதிகாரிகள்தாம் ஆணையர்களாக இந்த வழக்குகளை விசாரித்துவந்தார்கள். மற்ற வேலைகளோடு இதுவும் ஒன்று. நான் கூடச் சென்ற வழக்குகளில் மூன்று மாதத்தில் முடிந்த ஒன்று எனக்கு நினைவில்லை. உச்ச நீதிமன்றம் 1975இல், பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில், இடக்கை முழங்கைக்கு மேலே துண்டிக்கப்பட்ட தச்சர் ஒருவரைப் பற்றி, ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய முடியாது என்பதால் அட்டவணை என்ன சொன்னாலும் அவருடைய இழப்பு நூறு விழுக்காடு என்றும், இழப்பீடு விபத்து நடந்த நாளிலேயே கடனாகிவிடுகிறது என்றும் தெளிவாகச் சொல்லிவிட்டது. கடன் அன்றே பிறந்துவிடுகிறது என்றால் மருந்துக் கடை ரசீது மட்டும் ஏன் மூன்றாண்டு கழித்துப் பிறக்க வேண்டும் என்ற கேள்வியை, எனக்குத் தெரிந்து, யாரும் அதன் முன்னால் வைக்கவில்லை.

ஈ.எஸ்.ஐ. இந்தக் குறையைத் தீர்ப்பதற்காகவே பிறந்தது என்பதை மறக்கக் கூடாது. பேராசிரியர் அதார்க்கர் 1944இல் அளித்த அறிக்கையின் அடிப்படையில் 1948இல் சட்டமாகி, 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கி, 1955இல் கோவைக்கு வந்த திட்டம் அது. அதில் வேலைக்காயத்துக்கான சிகிச்சைக்குச் சந்தாக் காத்திருப்புக் காலம் கிடையாது. முதல் நாள் வேலைக்குச் சேர்ந்து முதல் மணி நேரத்தில் அடிபட்டாலும் உரிமை உண்டு. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரி ஊதியத்தில் 90 விழுக்காடு கிடைக்கும். நிரந்தர ஊனத்துக்கு மருத்துவக் குழு நிர்ணயிக்கும் அளவில் ஆயுள் முழுவதும் மாதத் தொகை கிடைக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று: முதலாளி சந்தா கட்டாமல் ஏமாற்றியிருந்தாலும், திட்டத்தை நடத்தும் ஈ.எஸ்.ஐ. கழகம் தொழிலாளிக்கு உரியதைக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை முதலாளியிடமிருந்து வசூலித்துக்கொள்ள 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 68ஆம் பிரிவு வழிவிட்டது.

அந்தப் பிரிவு 2014இல் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், 'இன்று சேர்ந்தார்' என்று பொய் எழுதாமலே, 11 மாதத்தையும் ஒப்புக்கொண்டு அவரை அனுப்பியிருக்கலாம். முதலாளி அதற்குச் சம்மதித்திருப்பாரா என்பது வேறு கதை. சேர்ந்த 10 நாட்களுக்குள் பதிவு செய்தால் போதும் என்ற விதி, எங்களைப் போன்ற ஆயிரம் சிறு கம்பெனிகளுக்குப் பத்து நாள் இடைவெளியாக அல்ல, எப்போது வேண்டுமானாலும் திறக்கக்கூடிய கதவாகவே இருந்தது. இது எங்கள் பேட்டையின் தனிக்குறை அன்று. குர்காவ், மானேசர் பகுதியில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளில் விரல் இழந்தவர்களுக்கு உதவிவரும் சேஃப் இன் இந்தியா என்ற அமைப்பு 'கிரஷ்டு' என்ற தலைப்பில் வெளியிட்டுவரும் அறிக்கைகளிலும் இதே கதைதான்: அவர்களிடம் வந்த பெரும்பாலோருக்கு ஈ.எஸ்.ஐ. அட்டை கிடைத்ததே விபத்துக்குப் பிறகு.

அட்டை முன்கூட்டியே இருந்தாலும் வழி நேரானதல்ல. தமிழ்நாட்டில் பெரும்பாலான ஈ.எஸ்.ஐ. மருந்தகங்களை நடத்துவது மாநில அரசு, பணத்தின் பெரும்பகுதியைத் தருவது மத்தியக் கழகம். இடையில் எந்தக் கோப்பு எங்கே நிற்கிறது என்பது இருவருக்குமே தெரியாத நாட்கள் உண்டு. டிஸ்பென்சரியிலிருந்து ஆஸ்பத்திரி, அங்கிருந்து ஒப்பந்தத் தனியார் மருத்துவமனை என்று ஒவ்வொரு படியிலும் ஒரு பரிந்துரைக் கடிதம். காய்ச்சலுக்கு இந்தப் படிக்கட்டு பொருந்தலாம். துண்டான விரலுக்குச் சில மணி நேரமே உயிர். பிறகு ஊதிய வரம்பு இருக்கிறது: 2017 ஜனவரியில் 21,000 ரூபாயாக உயர்ந்தது அப்படியே பல ஆண்டுகள் நின்றுவிட்டது. வரம்பை ஒட்டிச் சம்பளம் வாங்கும் ஒரு நல்ல டர்னருக்கு, அதாவது லேத் ஓட்டுபவருக்கு, முந்நூறு ரூபாய் சம்பளம் கூட்டினால் அவர் ஈ.எஸ்.ஐ.யிலிருந்து விழுந்து, மறுபடியும் அந்தத் 'திருப்பித் தரப்படும்' சட்டத்தின் கைக்குப் போய்விடுவார். சம்பள உயர்வு வேண்டாம் என்று சொன்ன தொழிலாளர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர்.

சிகிச்சைப் பாதையை முதல் ஐந்து நிமிடத்திலேயே திருப்பிவிடும் இன்னொரு காகிதம் உண்டு. அடிபட்டவரைக் கேஷுவாலிட்டிக்குக் கொண்டுபோனதும் எழுதப்படும் விபத்துப் பதிவேடு, வழக்குகளில் நாங்கள் ஏ.ஆர். காப்பி என்று சொல்வது. எப்படி அடிபட்டது என்று கேட்டால் பதில் சொல்பவர் பெரும்பாலும் கூட வந்த சூப்பர்வைசர்தான். மயக்கத்திலும் வலியிலும் இருப்பவர் அல்லர். 'பைக்கிலிருந்து விழுந்தார்', 'வீட்டில் கதவில் நசுங்கியது' என்று எழுதப்பட்ட காப்பிகளை நான் கையில் பிடித்திருக்கிறேன். அந்த ஒரு வரியை மாற்ற இரண்டு ஆண்டு வழக்கு தேவைப்படும். ஆணையர் முன்னால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் தூக்கிக் காட்டுவதும் அதைத்தான்.

'பைக்கிலிருந்து' என்று சொல்லும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு 'இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தொடங்கியது. சாலை விபத்தில் அடிபட்ட எவரும், எந்த ஊரைச் சேர்ந்தவரானாலும், அட்டை உள்ளவரோ இல்லாதவரோ, முதல் 48 மணி நேரத்துக்கு, தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரம்புக்குள், இணைக்கப்பட்ட தனியார் மருத்துவமனையிலும் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். 2025இல் மத்திய அரசும் சாலை விபத்துக்கு ஏழு நாட்கள், ஒன்றரை லட்சம் ரூபாய் வரை என்று இதே வகையில் ஒரு திட்டத்தை அறிவித்தது. யார் மீது தவறு, வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்ததா, ஓட்டியவர் குடித்திருந்தாரா என்ற கேள்விகளையெல்லாம் வாசலிலேயே நிறுத்திவிட்டு, ஆளை உள்ளே அனுப்புகிற ஏற்பாடு இது. என் பழைய கம்பெனியின் கேட்டுக்கு வெளியே லாரி மோதினால் இது உண்டு. கேட்டுக்கு உள்ளே பிரஸ் நசுக்கினால் கிடையாது. பத்தடி தூரம். போதாததற்கு, 'பைக்கில் விழுந்தார்' என்ற பழைய பொய்க்கு இப்போது இலவசச் சிகிச்சை என்ற புதிய கவர்ச்சியும் சேர்ந்திருக்கிறது. அன்றைக்குக் காசு மிச்சம், ஆனால் ஆயுள் முழுவதற்குமான இழப்பீட்டு உரிமை அந்த ஒரு வரியோடு போய்விடும்.

ஆகவே சீர்திருத்தம் என்று நான் கேட்பது புதுமையான ஒன்றையல்ல. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 2004இல் வந்த சீர்திருத்தத்தில் பல அம்சங்கள் தொழிலாளர்களுக்குப் பாதகமானவை என்று அங்குள்ள சங்கங்கள் இன்றும் வாதிடுகின்றன. மருத்துவரைத் தெரிந்தெடுக்கும் சுதந்திரம் குறைந்தது அவற்றில் ஒன்று. ஆனால் அதே சட்டத்தில் இருந்த ஒரு விதியை மட்டும் நான் பொறாமையோடு பார்க்கிறேன்: தொழிலாளி கோரிக்கைப் படிவத்தைக் கொடுத்த ஒரு வேலை நாளுக்குள், அந்தக் கோரிக்கை ஏற்கப்படுமா மறுக்கப்படுமா என்பது முடிவாகும்வரை, 10,000 டாலர் வரையிலான சிகிச்சைக்கு அனுமதி தந்தே ஆக வேண்டும். வழக்கு பிறகு நடக்கட்டும், மருந்து இன்றே தொடங்கட்டும் என்பதுதான் இதன் பொருள். தமிழ்நாட்டு இளைஞர்கள் ஏராளமாகக் கட்டுமான வேலை பார்க்கும் சிங்கப்பூரிலும், வேலைக்காயத்தின் மருத்துவச் செலவை முதலாளியே ஏற்க வேண்டும். விபத்து நாளிலிருந்து ஓராண்டு அல்லது 45,000 வெள்ளி, எது முதலில் வருகிறதோ அதுவரை என்று 2020இல் இருந்த வரம்பில், தொகையை 2025 நவம்பரில் 53,000 வெள்ளியாக உயர்த்தினார்கள். உச்சவரம்பே இல்லாத நம் சட்டத்தைவிட, வரம்புள்ள அந்தச் சட்டம் அடிபட்டவருக்கு நெருக்கமாக இருக்கிறது என்பது எனக்கு நெடுநாள் விளங்காத முரண்.

ஜெர்மனி இன்னும் ஒரு படி முன்னால் போனது. பிஸ்மார்க் காலத்து 1884ஆம் ஆண்டு விபத்துக் காப்பீட்டுச் சட்டத்தின்படி, முதலாளிகளின் தொழில்வாரிச் சங்கங்களே காப்பீட்டை நடத்தின. ஊனமானவருக்கு ஆயுள் முழுவதும் ஓய்வூதியம் கொடுப்பதைவிட, அவருடைய கையைச் சரிசெய்து வேலைக்கு அனுப்புவது தங்களுக்கே லாபம் என்று சீக்கிரத்தில் அந்தச் சங்கங்கள் கண்டுகொண்டன. அதன் விளைவுதான் 1890இல் போஹும் (Bochum) என்ற நகரில் சுரங்கத் தொழிலாளர்களுக்காக எழுந்த விபத்து மருத்துவமனை. ஓய்வூதியத்துக்கு முன் மறுவாழ்வு என்பது இன்றும் அங்கே நடைமுறைக் கோட்பாடு. இழப்பீடு கொடுப்பவரும் சிகிச்சை கொடுப்பவரும் ஒருவராகவே இருந்ததால் வந்த நன்மை அது. நம்மிடமும் ஈ.எஸ்.ஐ. அதே வடிவம்தான், ஆனால் விரலைத் தைத்து அனுப்பிய பிறகு, அந்தக் கை மறுபடி ஸ்பேனர் பிடிக்கப் பழகுவதற்கான பல மாதப் பயிற்சியை, பக்கத்து ஊர் டிஸ்பென்சரியில் நான் தேடிப் பார்த்துக் கிடைக்காமல் திரும்பியிருக்கிறேன். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி உருவாக்கிய கை அறுவைத் துறை, பெயரிலேயே மறுவாழ்வைச் சேர்த்துக்கொண்ட ஒன்று. ஏழைத் தொழிலாளியின் கை என்பது அவருடைய முழு முதலீடு என்பதை உணர்ந்த அத்தகைய துறை இந்த மாநிலத்திலேயே இருந்தும், அதற்கும் இழப்பீட்டுச் சட்டத்துக்கும் இடையே நேரடிப் பாதை ஒன்றில்லை.

2020இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், ஐந்தாண்டுத் தாமதத்துக்குப் பிறகு 2025 நவம்பர் 21ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அபாயகரமான தொழிலென்று அறிவிக்கப்பட்டவற்றில் ஒரே ஓர் ஆள் இருந்தாலும் ஈ.எஸ்.ஐ. பொருந்தும் என்பதும், வேலைக்கு வரும் வழியிலும் போகும் வழியிலும் நேரும் விபத்தும் பணி விபத்தாகக் கருதப்படும் என்பதும் நல்ல மாற்றங்கள். பத்துப் பேருக்குக் குறைவான மற்ற சிறு பட்டறைகளுக்கு அது விருப்பத்தின்பேரில் என்பது, எந்தப் பட்டறைகளில் விரல் போகிறது என்று தெரிந்தவர்களுக்குச் சிரிப்பை வரவழைக்கும். மருத்துவச் செலவைப் பற்றிய வாசகமோ பழையபடியே, தொழிலாளி செலவழித்ததைத் திருப்பித் தருவதாகத்தான் புதிய சட்டத்திலும் உட்கார்ந்திருக்கிறது. நூறு ஆண்டுச் சட்டத்தை மாற்றி எழுத உட்கார்ந்தவர்கள் அந்த ஒரு வினையை மட்டும் மாற்றியிருந்தால் போதும். 'முதலாளி அல்லது அவருடைய காப்பீட்டாளர் மருத்துவமனைக்கு நேராகச் செலுத்த வேண்டும், தகராறு இருந்தால் பிறகு வசூலித்துக்கொள்ளட்டும்' என்று ஒரு வரி. சாலை விபத்துக்கு அதைச் செய்யத் தெரிந்த அரசுகளுக்குத் தொழிற்சாலைக்குச் செய்யத் தெரியாது என்று நான் நம்பவில்லை. சிறு முதலாளிகளால் தாங்க முடியாது என்று சொல்வார்கள். நான் சிறு முதலாளியின் கணக்குப் புத்தகத்தை எழுதியவன், ஈ.எஸ்.ஐ. சந்தாவில் முதலாளியின் பங்கு 2019 ஜூலை முதல் 3.25 விழுக்காடு. அந்த இரவுக்கு அவர் செலவழித்தது அதைவிட அதிகம்.

அந்த இளைஞர் திருவண்ணாமலைப் பக்கம் தன் ஊருக்கே போய்விட்டார். சென்ற ஆண்டு மருத்துவக் குழுவின் பழைய முடிவை மறு ஆய்வு செய்யச் சொல்லி மனு எழுதித் தரும்படி வந்தார். "அண்ணா, எல்லாம் இதுல இருக்கு" என்று ஒரு பிளாஸ்டிக் உறையை இடது கையால் நீட்டினார். உள்ளே முதல் நாளில் நான் அச்செடுத்துக் கொடுத்த அட்டை, மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டி இருந்தது. மனுவில் பணியில் சேர்ந்த நாள் என்ற இடத்துக்கு வந்ததும் நான் நிறுத்தினேன். அவர் அட்டையைப் பார்த்து, அதில் இருந்த தேதியை வாசித்தார். அதற்கு அடுத்த கட்டம் விபத்து நடந்த நாள்; அதே தேதியை இன்னொரு முறை வாசித்தார்.